டிசம்பர் இதழின் நன்றிப் பக்கம்

மூன்று ஆகியிருக்காது, ஆகியிருந்தால் பியூன் பால்துரை மணி அடித்திருப்பார் என்று பியூலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே இரண்டாவது வரிசைக்கும் மூன்றாவது வரிசைக்கும் நடுவில் நடந்தாள். அறைச் சுவரில் இருந்த கடிகாரம் பொங்கலுக்கு முன்பே பத்தே காலில் நின்றுவிட்டது. கையில் கடிகாரம் கட்டுகிற வழக்கத்தை அவளே விட்டுவிட்டாள், அதுதான் கைபேசி இருக்கிறதே என்று. அந்தக் கைபேசி இப்போது கீழே தேர்வு அலுவலகத்தில், வாயடைத்து, மற்றக் கண்காணிப்பாளர்களின் கைபேசிகளோடு ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடந்தது. ஜூன் மாத அரியர் தேர்வு. வணிகவியல் பிள்ளைகள். இவர்களில் பாதிப் பேர் இதே தாளை முன்பும் எழுதியவர்கள், அதனால் அறையில் பதற்றம் என்று ஒன்று இல்லை. ஒருவன் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு ஜன்னலைப் பார்க்கிறான், ஒருத்தி பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னுகிறாள். காப்பியடிக்கக்கூட யாருக்கும் ஊக்கம் இல்லை. யாராவது துண்டுச் சீட்டாவது வைத்திருந்தால் தேவலை, பிடித்து, அதட்டி, அதிலேயே ஒரு அரை மணி நேரம் ஓடிவிடும். அறையிலே பதற்றமாக இருந்தது ஒரே ஓர் ஆள்தான், அது நடந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்குப் பட்டியல் வரும். எங்கோ ஒரு குளுகுளு அலுவலகத்தில் யாரோ ஒரு பொத்தானை அழுத்துவார்கள், உலகத்து ஆய்விதழ்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ரேங்க் வாரியாக நிற்கும், அந்த வரிசையில் எங்கோ கடைசி பெஞ்சுப் பக்கமாக, அவள் ஆசிரியராக இருக்கும் தென்கரைத் தாவரவியல் ஆய்விதழும் நிற்க வேண்டும். நிற்குமா. பெயர் இருந்தால் போதும், ரேங்க் வேண்டாம், கல்லூரி முதல்வர் வேண்டுமானால் ரேங்கைக் கட்டிக்கொண்டு அழட்டும். பெயர் மட்டும் இல்லாமல் போனால் வெள்ளிக்கிழமை ஜெனிட்டா நிரந்தர வேலைக்கான அந்த நேர்முகத் தேர்வு மேசைக்கு முன்னால் போய் உட்காரவே வேண்டாம். பட்டியலில் உள்ள இதழில் வந்த கட்டுரைக்குத்தான் அங்கே மதிப்பெண். ஜெனிட்டாவின் கட்டுரைகள் எல்லாமே இந்த இதழில்தான் வந்திருக்கின்றன. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றால் அடுத்த முறை கிடையாது, இந்த ஆவணியோடு அவளுக்கு வயது வரம்பு தாண்டுகிறது. கௌரவ விரிவுரையாளர். அந்தச் சொல்லில் எத்தனை கௌரவம் இருக்கிறது என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

"மேடம், அடிஷனல் ஷீட்."

கொடுத்தாள். கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதும்போது ஆறு என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா பன்னிரண்டு என்று எழுதிவிட்டது. பையன் பார்த்துவிட்டு, "மேடம், டிசம்பரா?" என்றான். "குடுப்பா இங்க," என்று அடித்துத் திருத்திப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். காது சூடாகிவிட்டது.

டிசம்பர்தான். எல்லாம் டிசம்பரிலிருந்துதான். எந்த இதழுக்காவது நன்றி சொன்னதால் கேடு வந்திருக்கிறதா. அவளுடைய இதழுக்கு வந்திருக்கிறது, அல்லது இன்னும் கொஞ்ச நேரத்தில் வரப்போகிறது. ஆரம்பத்தில் கட்டுரை கொடுப்பார் இல்லை. பாசியும் அலையாத்தியும் உப்பளத்துப் பூண்டும் படிக்கிறவர்களே இந்தக் கரையில் விரல்விட்டு எண்ணுகிற அளவு, அவர்களும் நல்ல கட்டுரையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு மீந்ததை இங்கே அனுப்புவார்கள். கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிக் கெஞ்சி வாங்கிப் போட்டாள். வருடக் கடைசி இதழில், கடைசிப் பக்கத்தில், அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் எழுதியவர்கள் ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லி, இன்னார் இன்ன பாசியைப் பற்றி எழுதினார் என்று ஒரு வரி எழுதி, நன்றி தெரிவிப்பாள். ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு பேராசிரியர் அந்தப் பக்கத்தை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்ததை அவளே பார்த்தாள். ஒரு பெண் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தபோது, "எங்க வீட்டுல அந்தப் பக்கத்தைத்தான் மேடம் எல்லாருக்கும் காமிச்சாங்க," என்றாள். அவ்வளவுதான் அந்தப் பக்கம். இதழ் இணையத்துக்கு ஏறிய வருடம் பியூலாவுக்கு ஒன்று உறுத்தியது. வகுப்பில் தொண்டை கிழியச் சொல்லுகிறோம், ஒருத்தர் ஆராய்ச்சியைக் குறிப்பிட்டால் எங்கே வந்தது, எந்தப் பக்கம் என்று கீழே மேற்கோள் எண் போட்டுக் காட்டு என்று. நாமே பெயர் பெயராகச் சொல்லிவிட்டு எண் போடாமல் விடலாமா. போட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண், கீழே கட்டுரையின் முழு விவரம், எண்பதுக்கு மேல். முதுகு வலிக்க வலிக்க உட்கார்ந்து போட்டாள். அடுத்த ஜூனில் இதழின் மதிப்பு எண் புள்ளி நான்கிலிருந்து ஒன்று புள்ளி மூன்றுக்குத் தாவியது.

கேக் வெட்டினார்கள். முதல்வர் தனசிங் சொல்லிச் செய்த கேக், மேலே க்ரீமில் ஒன்று, மூன்று, நடுவில் புள்ளிக்கு ஒரு செர்ரிப் பழம். செர்ரியை யாருக்குக் கொடுப்பது என்று கேலி நடந்து, கடைசியில், "புள்ளி பியூலா மேடத்துக்குத்தான்," என்று அவள் வாயில் ஊட்டினார்கள். வாசலில் ஃப்ளெக்ஸ், அதில் அவள் படம், பட்டுப் புடவையில், யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. அன்று சாயங்காலம் சந்தோஷத்தில், ஒரு விளையாட்டாகத்தான், யார் யார் நம்மை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிப் பார்த்தாள். கணக்கு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முந்தைய இரண்டு வருடத்தில் வந்த கட்டுரைகளை இந்த வருடம் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கூட்டி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வெளியே இருந்து வந்ததைக் கூட்டினாள், வகுத்தாள். புள்ளி நான்கு. திரும்பக் கூட்டினாள். புள்ளி நான்கேதான். மிச்சம் முழுவதும் அவள் நன்றிப் பக்கம். தன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக்கொண்ட மாதிரி. அந்த க்ரீம் அப்போதும் நாக்கிலேயே இருந்தது. சரி, அது தெரியாமல் நடந்தது. தெரியாமல் நடந்ததற்கு யார் என்ன செய்ய முடியும். அது வரைக்கும் நான் சுத்தம், என்றாள் மனசுக்குள். அது வரைக்கும் என்ற சொல்லில் வந்து கால் இடறியது. அதற்கு அடுத்த டிசம்பர் இருக்கிறதே. இன்று மூன்று மணிக்கு வரும் எண்ணில் பாதி அந்த டிசம்பருடையது.

மணி அடித்தது. மூன்று. இப்போது, இந்த நிமிஷம், அது எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டிருக்கும், அவள் கண்ணைத் தவிர.

பால்துரை ஒவ்வோர் அறையாகத் தேநீர் கொண்டுவந்தார். கண்காணிப்பாளருக்கு மட்டும், காகிதக் கோப்பையில். "மேடம், சீனி கம்மியாத்தான் போட்டிருக்கு," என்றார்.

"கீழ யாரும் ஏதாவது சொன்னாங்களா அண்ணாச்சி?"

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல. நம்ம ஜர்னல் பத்தி."

"பிரின்சிபால் சார் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காரு. முகத்த உர்ர்னு வச்சிருக்காரு. அவரு எப்பவும் அப்படித்தானே மேடம்."

எப்பவும் அப்படித்தான். ஆனால் இன்றைக்கு ஏன் கம்ப்யூட்டர் முன்னால். தேநீரை வாயில் வைத்தாள், சுட்டது, சுட்டதைத் துப்பவும் முடியாமல் விழுங்கினாள். போன வருடம் மேற்கே ஓர் ஊரின் இதழைத் தூக்கினார்கள். ஒரே ஒரு வரி: தன்னைத்தானே மிகையாக மேற்கோள் காட்டியதால் இந்த ஆண்டுப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. விளக்கம் இல்லை, விசாரணை இல்லை. அந்த ஆசிரியரை அவளுக்குக் கருத்தரங்குகளில் தெரியும், வெள்ளைச் சட்டை, யாரைப் பார்த்தாலும் முதலில் வணக்கம் சொல்லுகிற மனிதர். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தில் பார்த்தபோது அவர் வணக்கம் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, இரண்டு பேரும் சாப்பாட்டு வரிசையில் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஏன் சொல்லவில்லை. அவர் மேல் என்ன கோபம் எனக்கு. கோபம் இல்லை, பயம், அவர் மேல் பட்டது என் மேலும் ஒட்டிக்கொள்ளும் என்று. அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. ஐயோ, தெரிந்திருந்தது என்று நானே சொல்லிவிட்டேனா. தெரியாது. அந்த டிசம்பரில் எனக்கு வேலை தலைக்கு மேல். நான் நன்றிப் பக்கத்தை எண் இல்லாமல்தான் எழுதிக் கொடுத்தேன், சத்தியமாக, வெறும் பெயர்கள், பழைய காலத்து மாதிரி. உதவி ஆசிரியர் ஜெனிட்டா, பாவம், மேடம் மறந்துவிட்டார் போல என்று நினைத்து எல்லா எண்களையும் உட்கார்ந்து போட்டுவிட்டாள், நல்ல பிள்ளை, எதையும் அரைகுறையாக விடத் தெரியாது. மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. அச்சகத்துக்காரர் பக்கத்திலேயே நின்று, மிஷின் காத்துக்கிட்டிருக்கு மேடம் என்று அவசரப்படுத்தினார். நான் பார்க்கவில்லை. புரட்டினேன், கையெழுத்துப் போட்டேன். எந்த ஆசிரியர்தான் மெய்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படிக்கிறார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள், முடித்துவிட்டாளாம். "இன்னும் நேரம் இருக்கேம்மா, ஒரு தடவை பாத்துட்டுக் குடேன்." "பாத்தாலும் இதேதான் மேடம்," என்று அந்தப் பெண் தாளை நீட்டினாள். அந்தத் தெம்பு பியூலாவுக்குப் பொறாமையாக இருந்தது. பார்த்தாலும் இதேதான். அவள் பார்த்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்குமா. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாள், எண்களை எடுத்திருப்பாள், இதழ் மறுபடி புள்ளி நான்குக்கு இறங்கியிருக்கும், ஃப்ளெக்ஸைக் கழற்றியிருப்பார்கள், ஜெனிட்டாவின் விண்ணப்பத்தில் அந்தக் குட்டி எண் உட்கார்ந்து அவளைக் கீழே இழுத்திருக்கும். ஜெனிட்டாவுக்காகத்தான். அவளுக்காகத்தான் என்றால் பார்த்தாய் என்றுதானே அர்த்தம். இல்லை, பார்க்கவில்லை, அச்சகத்துக்காரர் நின்றார். நின்றாரா? அவர் முந்தின நாள் அல்லவா வந்தார். முந்தின நாள் வந்து மெய்ப்புத் தாள்களை மேசையில் வைத்துவிட்டு, நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்று போய்விட்டார். அப்படியானால் யார் நின்றது. சாப்பாட்டு நேரம், டிபன் பாக்ஸ் திறந்திருந்தது, கத்திரிக்காய்ப் பொரியல், அறையில் வேறு ஆளே இல்லை. ஆண்டவரே, இந்த ஒரு தடவை, என்று உதடு அசைந்தது. உடனே வெட்கமாகப் போயிற்று. இந்த ஒரு தடவை என்ன? பிடிபடாமல் இருக்க அவரைக் கூப்பிடுகிறாளா. பிள்ளைகளிடம் இதே கல்லூரியில், இதே அறையில், யாரும் பார்க்காதபோது நீ யார் என்பதுதான் நீ என்று பேசியவள். கைதட்டினார்கள். முன் வரிசையில் ஜெனிட்டா, எல்லாரும் நிறுத்தின பிறகும் தட்டினாள். அவளுக்கு மேடம் என்றால் அப்படி. தன் மகளுக்கு முழுப் பரீட்சை என்றால் மேடத்திடம் கொண்டுவந்து பேனாவைத் தொட்டுக் கொடுக்கச் சொல்லுகிறவள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம். நின்றாள். முதல்வரின் செருப்பு இப்படித்தான் தேயும், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து. வருகிறார். கையில் ஒரு காகிதத்தோடு வருகிறார், பிள்ளைகள் முன்னாலேயே, மேடம் கொஞ்சம் வெளிய வாங்க என்பார். வெளியே நின்று என்ன சொல்லுவது. கவனிக்கலை சார் என்பது. ஜெனிட்டாதான் போட்டாள் சார் என்பது. அது உண்மைதானே, அவள் போட்டதுதானே. இந்த நினைப்பு வந்ததுமே பியூலாவுக்கு உடம்பு கூசியது. எத்தனை சீக்கிரம் வந்துவிட்டது, எங்கேயோ கதவுக்குப் பின்னால் தயாராக நின்ற மாதிரி. செருப்புச் சத்தம் அறையைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்து அறைக்குத் தண்ணீர் கொண்டுபோன ஆள். நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அந்த மத்தியானம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, இனிமேல் எங்கே ஒளிவது. கையைத் துடைத்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டினாள். கடைசிப் பக்கத்தை எடுத்தாள், எண்களைப் பார்த்தாள், ஓ, போட்டுவிட்டாளா என்று நினைத்தாள். அப்போது பயம்கூட வரவில்லை. ஒரு இதம்தான் வந்தது, வெயிலில் நடந்து வந்தவளுக்கு யாரோ மோர் கொடுத்த மாதிரி. நான் செய்யவில்லை, தானாகவே ஆகிவிட்டது. அதோடு விட்டாளா. ஐம்பதோ அறுபதோ, ஏதோ ஒரு மேற்கோளில் பக்க எண் தப்பாக இருந்தது. பழக்க தோஷம், கண் அதைப் பிடித்தது. அலமாரியிலிருந்து பழைய இதழை எடுத்துச் சரிபார்த்து, சிவப்புப் பேனாவில் திருத்தினாள். திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பார்க்கவில்லையாம். பக்க எண்ணைத் திருத்தியவள் பார்க்கவில்லையாம்.

"மேடம்."

ஜெனிட்டா வாசலில் நின்றாள். இன்று அவள் மாற்றுக் கண்காணிப்பாளர், அறை அறையாகப் போய்த் தாள் கொடுத்து, கண்காணிப்பாளர்களை ஐந்து நிமிஷம் வெளியே விடுகிற வேலை. கையில் கூடுதல் தாள் கட்டும் பதிவேடும். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காமல் குனிந்தாள்.

"வந்துட்டு மேடம். பேரு இருக்கு."

"இருக்கா?"

"இருக்கு மேடம். ஒண்ணு புள்ளி ஆறு. பிரின்சிபால் சார் இப்பதான் சொன்னாரு, சிரிச்சாரு மேடம், நான் இன்னைக்குத்தான் அவரு பல்லையே பாக்கேன்."

பியூலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம்தான், பொய் சொல்ல என்ன இருக்கிறது, உச்சி முதல் கால் வரைக்கும் சந்தோஷம். ஜெனிட்டாவின் கையைப் பிடித்தாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. இத்தனைக்கும் அந்தப் பெண் சிரிக்கவே இல்லை.

"என்னம்மா? வெள்ளிக்கிழமை தைரியமாப் போலாம்லா?"

"போலாம் மேடம்." வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னைக்குச் சொல்லலைன்னா அப்புறம் எனக்குத் தைரியம் வராது. அந்த நன்றிப் பக்கத்துல எண்ணு போட்டேன்லா. நீங்க மறந்துட்டீங்கன்னு போடல. அதனாலதான் நம்பர் ஏறுதுன்னு தெரிஞ்சுதான் போட்டேன். நானும் கணக்குப் போட்டுப் பாத்திருந்தேன்."

பின்னலை அவிழ்த்த பெண் நிமிர்ந்து இவர்களைப் பார்த்தாள். "எழுதும்மா," என்றாள் பியூலா.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க நம்பிக் கையெழுத்துப் போட்டீங்க. தூக்கிட்டாங்கன்னா உங்க பேருதான் நாறும், என் பேரு இல்ல. அத நெனச்சு நெனச்சு ராத்திரில்லாம் தூக்கம் இல்ல மேடம். சர்ச்சுல பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது சாமியார்ட்ட ஒரே அழுகை. ஒரு நல்ல மனுஷிய ஏமாத்திட்டேன் சாமின்னு."

ஒரு சொல் போதும். சரி விடும்மா, நான் கவனிக்கலை, உன் நல்லதுக்குத்தானே செஞ்சே, மன்னிச்சுட்டேன் போ. அந்தப் பெண் அழுதுவிட்டுக் காலில்கூட விழுவாள், எழுந்து போவாள், வெள்ளிக்கிழமை வேலை கிடைக்கும், முதல் சம்பளத்தில் மேடத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டு வருவாள். ஆயுசுக்கும் அவளுக்கு மேடம் அந்த நல்ல மனுஷியாகவே இருப்பார். எத்தனை சுலபம். மன்னிப்பு நாக்கு நுனியில், அந்த க்ரீம் மாதிரி, தித்திப்பாக நின்றது. பியூலா வாயைத் திறந்தாள்.

"நீ என்னை ஏமாத்தல," என்றாள். "நான் பாத்தேன்."

"எத மேடம்?"

"அந்த எண்ணு எல்லாத்தையும். பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒரு பக்க எண்ணு தப்பா இருந்துச்சு. அதத் திருத்தினது நான்தான்."

"அது அச்சகத்துல திருத்துனாங்கன்னு நெனச்சேன்," என்றாள் ஜெனிட்டா, மெதுவாக. பிறகு, "அப்ப இத்தன நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை கூடச் சொல்லலையே மேடம்?"

நீ கேக்கலையே என்று சொல்லலாம், பியூலாவுக்கே அது அசிங்கமாக இருந்தது. ஜெனிட்டா கையை விடுவித்துக்கொண்டாள், முரட்டுத்தனமாக இல்லை, ஒரு பொருளை எடுத்த இடத்தில் திரும்ப வைக்கிற மாதிரி. கண்ணைத் துடைத்தாள். கூடுதல் தாள் கட்டை மேசையில் வைத்து, பதிவேட்டைத் திறந்தாள். மற்ற நாளில் அவளே தாள்களின் எண்ணிக்கையை எழுதிவிடுவாள், பியூலா வேறெங்கோ பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாள், அந்தக் கல்லூரியில் பியூலாவிடம் யாரும் எதையும் எண்ணிக் கொடுத்ததுமில்லை, எண்ணி வாங்கியதுமில்லை. இன்று எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக விட்டு, பதிவேட்டை மேடத்தின் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"எண்ணிப் பாத்துட்டுப் போடுங்க மேடம்."

பியூலா விரலை நனைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். முடிகிற வரைக்கும் ஜெனிட்டா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.